சுடலைச்செல்வி வீட்டுக் கம்பு

டிசம்பர் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணிக் கூட்டத்தில் ஆறு பேர் இருந்தோம். தலைவி முத்துச்செல்வி அக்கா காற்றாடிக்கு நேர் கீழே, நீல நாற்காலியில். வேளாண் துறையிலிருந்து வந்த அருண்பாண்டியன் சார் வாசலை ஒட்டி இன்னொரு நாற்காலியில். அங்கேதான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். முஹ்சினா லென்ஸ் மேசைக்கு முன்னால் ஸ்டூலில். சுடலைச்செல்வி தரையில், கம்பு மூட்டையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு. மாயகிருஷ்ணன் அண்ணாச்சிக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தோம். அதில் அவர் தன் மஞ்சப் பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். நான் செயலாளர் பத்திரகாளி, இரும்பு மேசையில் மினிட் நோட்டோடு.

இடம் கோவில்பட்டியில் முன்னால் தீப்பெட்டி ஆபீஸாக இருந்த கொட்டகை. இப்போது எங்கள் மகளிர் குழு அதில் குளவி வளர்க்கிறது. குளவி வளர்க்கிறோம் என்று சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் எங்கள் கையைப் பார்ப்பார்கள், கொட்டின தடிப்பு இருக்கிறதா என்று. கொட்டுகிற ஜாதி இல்லை இது. ஊசி முனை அளவுதான் இருக்கும். பயிரைத் தின்கிற புழுவின் முட்டைக்குள் போய்த் தன் முட்டையை வைத்துவிடும். புழு பொரிக்க வேண்டிய முட்டையிலிருந்து குளவி பொரிக்கும். மருந்து அடிக்க வேண்டிய வேலை இருக்காது.

குளவியைக் கொட்டகையில் பெருக்குவதற்கு வேறொரு பூச்சியின் முட்டை வேண்டும். அதற்கு அந்துப்பூச்சி வளர்க்கிறோம். அந்து கம்பு தின்னும். உடைத்த கம்போடு கொஞ்சம் கடலைப் பொடியும் கலந்து, பேசினில் கொட்டி, காடாத் துணியால் வாயைக் கட்டி வைத்தால் நாற்பது நாளில் அந்து பறக்கும். அதன் முட்டையைச் சலித்து அட்டையில் ஒட்டிக் குளவியிடம் விடுவோம். நாலாம் நாள் முட்டை கறுக்கும். கறுத்தால் குளவி உள்ளே இருக்கிறது என்று கணக்கு. அந்த அட்டையைத்தான் வேளாண் துறை எங்களுக்குக் கொடுக்கிற ஆர்டரில் விவசாயிகள் வாங்கிப்போய் மக்காச்சோள இலைக்கு அடியில் ஸ்டேப்ளர் பின் அடித்து விடுகிறார்கள். ஒன்பது பெண்கள் இந்த வேலையில் இருக்கிறோம்.

மாயகிருஷ்ணன் அண்ணாச்சி மஞ்சப் பையிலிருந்து ஒரு மக்காச்சோளத் தட்டையை எடுத்து என் மேசையில் வைத்தார். குருத்து சல்லடை மாதிரி இருந்தது. கதிர் பிடிக்கவே இல்லை. உள்ளே இன்னும் ஒரு புழு அசைந்துகொண்டிருந்தது.

"நல்லாப் பாருங்க தாயி," என்றார். "நீங்க குடுத்த குளவி என்ன குளவியோ. புழுவுக்குத் தாலாட்டுப் பாடிட்டுப் போயிருக்கு."

அருண்பாண்டியன் சார் போனைக் கீழே வைத்தார். "அண்ணாச்சி, அட்டை கட்டினதுக்குப் பிறகு மருந்து ஏதும் அடிச்சீங்களா?"

"அடிச்சிருந்தா பயிரு நின்னுருக்கும்லா சார். அடிக்காததுனாலதான இங்கன வந்து நிக்கேன்."

"இல்ல, பக்கத்துக் காட்டுல இருந்து காத்துல வந்திருக்கலாம்."

"பக்கத்துக் காட்டுக்காரனையும் அடிக்க வேண்டாம்னு சொன்னது யாரு? நாந்தான. பதினோரு பேர் சார். வீடு வீடா ஏறி இறங்குனேன். 'பொறுங்கப்பா, குளவி பாத்துக்கிடும், பொறுங்கப்பா'ன்னேன். பதினஞ்சு நாள் பொறுத்தாவ. பொறவு அடிக்கப் போனா புழு குருத்துக்குள்ள போய்ப் படுத்துட்டு. மருந்து மேல படவே இல்ல."

முத்துச்செல்வி அக்கா, "உக்காருங்க அண்ணாச்சி. காப்பி சொல்லட்டுமா?" என்றாள்.

"காப்பி எங்க வீட்லயும் போடுதாவ தாயி. எனக்கு ஒரு காயிதம் வேணும்."

அவர் ஊர் எட்டயபுரத்துக்கு மேற்கே உள்ளே போகிற ஒரு கிராமம். அவருடைய நிலம் எல்லோருக்கும் பின்னால் கிடக்கிறது. போக வேண்டும் என்றால் நாலு பேர் காட்டு வரப்பு வழியாகத்தான் வண்டிப் பாதை. கரிசல் நிலத்தில் பாதி ஊருக்கு இப்படித்தான் பாதை. எழுத்து எதுவும் கிடையாது; முன்னால் இருக்கிறவர் விட்டால் உண்டு, விடாவிட்டால் இல்லை. கார்த்திகை தொடக்கத்தில் அந்த நாலு பேரும் பாதையில் வேலிக்கருவை முள்ளை வெட்டிப் போட்டுவிட்டார்கள். இவர் துறையோடு சேர்ந்துகொண்டு வேண்டுமென்றே ஊரைக் கெடுத்தார் என்று பேச்சு. மார்கழி முதல் தேதி, செவ்வாய்க்கிழமை, ஊர்க் கூட்டம். பாதையை நிரந்தரமாக அடைப்பதா திறப்பதா என்று அன்றைக்கு முடிவு.

"எனக்கு நஷ்டத்துக்கு ஒண்ணும் தர வேண்டாம்," என்றார். "குளவி சரியில்லன்னா சரியில்லன்னு எழுதிக் குடுங்க. கூட்டத்துல வாசிக்கேன். நான் ஏமாத்தல, நானும் ஏமாந்தேன்னு அவியளுக்குத் தெரிஞ்சாப் போதும். பாதைய விட்ருவாவ. குளவி நல்லாத்தான் இருந்துச்சுன்னா அதையும் எழுதிக் குடுங்க. நான் வேற சோலியப் பாத்துட்டுப் போறேன். இந்த வயசுல என்ன வேற சோலின்னு தெரியல. இருந்தாலும் பாக்கேன்."

முத்துச்செல்வி அக்கா அருண்பாண்டியன் சாரைப் பார்த்தாள். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். சின்ன வயதுக்காரர், வேலைக்கு வந்து இரண்டு வருஷம். கெட்டவர் இல்லை.

"அட்டை சரியில்லன்னு உங்க குழுவே எழுத்துல குடுத்தா, நான் மேல அனுப்பித்தான் ஆகணும். இந்த வருஷ ஆர்டர நிப்பாட்டிருவாங்க. அடுத்த வருஷம் திரும்பக் குடுப்பாங்களான்னு நான் சொல்ல முடியாது," என்றார்.

முத்துச்செல்வி அக்கா என் பக்கம் திரும்பினாள். "காளி, எழுதிக்கோ. அட்டைகள் முறைப்படி சோதிக்கப்பட்டு, முட்டைகள் கறுத்த பின்பே வழங்கப்பட்டன. வயலில் ஏற்பட்ட காரணங்களுக்குக் குழு பொறுப்பாகாது. அப்படி லெட்டர் போட்ருவோம் அண்ணாச்சி. திங்கக்கிழமைக்குள்ள உங்க கைக்கு வந்திரும்."

நான் எழுதினேன். நான் எழுதுகிற எழுத்து நன்றாக இருக்கும். எட்டயபுரத்துப் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதுவது எப்படி என்று தனியாகப் பாடம் நடந்தது. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, எது எங்கே வர வேண்டும் என்று கையில் ஏறிவிட்டது. ஒன்பது வருஷமாகக் குழுவின் எல்லாக் கடிதமும் நான்தான். மனசு அந்தப் பக்கமே போகாமல் கை மட்டும் எழுதும். அன்றைக்கும் அப்படித்தான்.

மாயகிருஷ்ணன் அண்ணாச்சி பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். தட்டையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். சார் பைக்கில் அவரை பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விடுவதாகச் சொல்லிப் பின்னாலேயே போனார்.

முஹ்சினா கூட்டம் முழுவதும் ஸ்டூலைத் திருப்பி லென்ஸ் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பட்டம் படித்தவள், இரண்டு வருஷமாக எங்களோடு இருக்கிறாள். வண்டிச் சத்தம் போனதும், "பத்ரக்கா, இங்கன வாங்க," என்றாள்.

ஒவ்வொரு தவணை அட்டை வெளியே போகும்போதும் நகம் அளவுக்கு ஒரு துண்டை வெட்டிக் கண்ணாடிக் குழாயில் போட்டு, பஞ்சு வைத்து அடைத்து, தேதி எழுதி வைப்போம். நான் கொண்டுவந்த வழக்கம்தான். வைப்போமே தவிர, வைத்ததை எடுத்து யாரும் பார்த்ததில்லை. அட்டை கறுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று விட்டுவிடுவோம். முஹ்சினா அக்டோபர் இருபத்தெட்டாம் தேதிக் குழாயை எடுத்து லென்ஸுக்குக் கீழே கொட்டியிருந்தாள். மாயகிருஷ்ணன் அண்ணாச்சிக்குப் போன தவணை.

நான் பார்த்தேன். குளவிகள் பொரித்து, செத்துக் கிடந்தன. ஒவ்வொன்றும் எப்போதும் இருக்கிற பருமனில் பாதிதான் இருந்தது. இறக்கை விரியவில்லை, நனைந்த காகிதம் காய்ந்த மாதிரி முதுகில் ஒட்டிக் கிடந்தது.

"பத்துல எட்டு ஆணுக்கா," என்றாள். "மீசையப் பாருங்க, முடி முடியா இருக்கு. முட்ட வைக்கிறதுக்குப் பொட்டையே இல்ல. இருக்கிற ரெண்டும் பறக்காது. இலைக்கு அடியில பொரிச்சு, நடந்து, கீழ விழுந்து செத்துருக்கும்."

முத்துச்செல்வி அக்கா எழுந்து வந்தாள். "முட்ட கறுத்துச்சுல்லா?"

"கறுக்கும் அக்கா. உள்ள குளவி இருக்குன்னுதான் அதுக்கு அர்த்தம். நல்ல குளவின்னு அர்த்தம் கெடையாது. அந்து முட்ட சின்னதா இருந்தா குளவியும் சின்னதாத்தான் வரும். அந்து நல்லாத் திங்கலன்னா முட்ட சின்னதாப் போகும்."

நான் வளர்ப்பு நோட்டை எடுத்தேன். ஒவ்வொரு நாளும் எத்தனை சி.சி. முட்டை சலித்தோம் என்று அதில் இருக்கும். ஆகஸ்டில் போட்ட பேசின்கள் சரியாக இருந்தன. செப்டம்பர் மூன்றாம் தேதி போட்ட பேசின்களிலிருந்து முட்டை பாதியாகக் குறைந்திருந்தது. அந்து பறக்கவும் ஒன்பது நாள் பிந்தியிருந்தது. மழைக் காலம், குளிர்ச்சி என்று பக்கத்தில் நானே எழுதி வைத்திருந்தேன். கடலைப் பொடி மாறவில்லை. பேசின் மாறவில்லை. கம்பு மட்டும் மாறியிருந்தது. செப்டம்பர் ஒன்றாம் தேதி வந்த கம்பு. சுடலைச்செல்வி வீட்டுக் கம்பு.

போன வருஷம் கடையில் வாங்கின கம்பில் மாத்திரை வைத்திருந்தார்கள். பூச்சி விழாமல் இருக்க மூட்டைக்குள் வைக்கிற நச்சு மாத்திரை. பத்துப் பேசின் அந்துப் புழு ஒரே வாரத்தில் கறுகிச் செத்தது. அதற்கப்புறம் கடைக் கம்பே வேண்டாம் என்று முடிவு செய்தோம். சுடலைச்செல்விதான் முன்வந்தாள். அவளுக்குக் குளத்தூர்ப் பக்கம் ஊர். சொந்தக் காட்டில் கம்பு விதைப்பார்கள். "எங்க வீட்ல மாத்திரைங்கிற பேச்சே கெடையாதுக்கா. கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்," என்று சொன்னாள். அது உண்மைதான்.

முத்துச்செல்வி அக்கா அவளைப் பார்த்து, "ஏட்டி, கம்புல என்னட்டி போட்ட?" என்றாள்.

"ஒண்ணும் போடலக்கா." சுடலைச்செல்வி மூட்டையிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்தாள். "நம்ம வீட்டுக் கம்பு. மாத்திரை கீத்திரைன்னு எதுவும் கெடையாது."

"அப்பம் வண்டு விழாம எப்படி வச்சிருந்த?" என்று முஹ்சினா கேட்டாள்.

"எல்லாரும் வைக்கிற மாதிரித்தான். வசம்ப இடிச்சு, சாம்பலோட கலந்து, டிரம்முல கம்பு ஒரு வரி, பொடி ஒரு வரின்னு போட்டு வைப்போம். எங்க அம்ம காலத்துல இருந்து அப்படித்தான்." பிறகு சொன்னாள்: "இது குழுவுக்குக் குடுக்கிறதாச்சேன்னு ரெண்டு பங்கு வசம்பு போட்டேன். வீட்டுக்குன்னா ஒரு பங்குதான்."

முஹ்சினா கண்ணை மூடிக்கொண்டாள். "அதான்."

"என்னது அதான்?"

"வசம்பு எதுக்குப் போடுதோம் யக்கா? பூச்சி பெருகக் கூடாதுன்னு. திங்கிறது மந்தமாப் போகும், முட்ட வைக்கிறதும் கொறஞ்சு போகும். நம்ம அந்தும் பூச்சிதான. நம்ம பெருக்கணும்னு வச்சிருக்கோம்னு வசம்புக்குத் தெரியுமா?"

யாரும் சிரிக்கவில்லை. சொன்ன அவளும் சிரிக்கவில்லை.

கடையில் மாத்திரை போட்டார்களா என்று நாங்கள் கேட்டோம். மில்லில் வேறு தானியம் கலந்ததா என்று கேட்டோம். வசம்பு போட்டாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் அதைக் கேட்க மாட்டார்கள். குழந்தைக்கு உரசிக் கொடுப்பது, தானியத்தில் போடுவது. உப்புப் போட்டாயா என்று கேட்பது மாதிரிதான் அது.

"கம்பு வந்த அன்னைக்கே சொன்னேன்லாக்கா," என்றாள் முஹ்சினா என்னிடம். குற்றம் சொல்கிற குரல் இல்லை, ஞாபகப்படுத்துகிற குரல். "மூட்டையப் பிரிச்சதும் பச்சப் பிள்ள இருக்கிற வீட்டு வாசம் அடிக்குன்னு சொன்னேன். நீங்க முகந்து பாத்துட்டு, ஆமா, நல்ல வாசம்னு சொன்னீங்க."

சொன்னேன். தானியம் வந்தால் இரண்டு கையாலும் அள்ளி முகர்ந்து பார்ப்பது என் பொறுப்பு. பூஞ்சை, மருந்து, மண்ணெண்ணெய், எதன் வாசம் வந்தாலும் திருப்பி அனுப்ப வேண்டும். முகர்ந்து பார்த்தேன், சரி என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். செப்டம்பர் ஒன்றாம் தேதியும் போட்டிருக்கிறேன்.

எனக்கு வாசனை தெரியாது. நாலரை வருஷமாகத் தெரியாது. கொரோனா இரண்டாம் தடவை வந்த வருஷம் போனது, எல்லோருக்கும் திரும்பி வந்தது, எனக்கு வரவில்லை. அந்து இறக்கைப் பொடியில் தினமும் நிற்பதாலும் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். ரசம் வெந்நீர் மாதிரி இருக்கும். அடுப்பில் பால் தீய்ந்தால் வீட்டுக்காரர் தெருவிலிருந்து ஓடி வருவார், நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். கொட்டகையில் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு முன்னால் இரண்டு பேருக்கு இருமல் வந்து, இந்தப் பொடி ஆகாது என்று நிறுத்தினோம். இரண்டு பேரும் தீப்பெட்டிக்கே திரும்பிப் போய்விட்டார்கள். நிறுத்தல் கடிதம் எழுதியது நான்தான்.

அதை அங்கேயே சொன்னேன். சத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தேதி சொல்கிற மாதிரி சொன்னேன். அழுகை வரும் என்று கொஞ்சம் காத்திருந்தேன். வரவில்லை. காற்றாடி சுற்றுவது கேட்டது. மேசையில் கிடந்த தட்டையிலிருந்து புழு வெளியே வந்து மினிட் நோட்டின் ஓரத்தில் ஊர்ந்தது. அதைத் துண்டுக் காகிதத்தில் எடுத்துப் போட்டேன்.

சுடலைச்செல்வி என் முகத்தைப் பார்க்கவில்லை. "அப்பம் நாந்தான் கெடுத்தேனாக்கா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டாள்.

"நீ நல்லாத்தான் வச்சிருந்த."

"ரெண்டு பங்கு போட்டேனே."

"அதத்தான் சொல்லுதேன். நல்லாத்தான் வச்சிருந்த."

முத்துச்செல்வி அக்கா வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அவள் கெட்டிக்காரி. இந்தக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தது, துறையில் ஆர்டர் வாங்கியது எல்லாம் அவள் நடையால் நடந்தது.

"கேட்டுக்கோங்க மூணு பேரும். தெரிஞ்சு செய்யல. இனிமே வேற கம்பு வாங்குவோம். பழச கொட்டிருவோம். முடிஞ்சது. லெட்டர் நான் சொன்ன மாதிரியே போகட்டும்."

"அவருக்குப் பாதை போயிருமேக்கா," என்றேன்.

"ஒன்பது பேருக்கு வேலை போயிரும். அவருக்குப் பாதை எப்பமாவது தொறப்பாவ. ஊருன்னா அடைக்கத்தான் செய்யும், தொறக்கத்தான் செய்யும். நம்ம கதவு சாத்துனா தொறக்குமா?" அவள் குரலை இறக்கினாள். "இவளக் காட்டிக் குடுக்கப் போறியா, காளி? வசம்புக்காரின்னு ஊரு பூராவும் சொல்லும்."

"இவ பேரு எழுத மாட்டேன்."

"பொறவு யாரு பேர எழுதுவ?"

பதிவேட்டில் என் கையெழுத்து இருக்கிற பக்கத்தைத் திருப்பி வைத்தேன். அவளுக்குப் புரிந்தது. மேசை டிராயரை இழுத்துக் குழுவின் ரப்பர் ஸ்டாம்பையும் மை டப்பாவையும் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"ஒனக்கு மூக்குதான் போச்சுன்னு நெனச்சேன். மூளையும் போச்சு," என்றாள். போகும்போது கதவுப் பக்கம் நின்று, "மாஸ்க்கப் போட்டுட்டு வேலையப் பாருங்க. ஒங்க பேசின்ல அந்து பறக்குது," என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள். அந்தக் குரலில் கோபம் இல்லை. சோர்வுதான் இருந்தது.

மத்தியானம் வேலை பார்த்தோம். முஹ்சினா அந்துப் பேசின்களில் செப்டம்பர் கம்பு இருப்பதற்கெல்லாம் சிவப்பு நூல் கட்டினாள். இருபத்தேழு. சுடலைச்செல்வி மிச்சம் இருந்த மூட்டையின் வாயை அவிழ்த்தாள், கையை உள்ளே விட்டுக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். "இதக் கோழிக்குப் போடலாமாக்கா?" என்றாள்.

"கழுவிக் காயவச்சுப் போடு. ஒண்ணும் செய்யாது."

"நான் செவ்வாக்கெழம அந்த ஊருக்கு வரட்டுமா? நானே சொல்லுதேன், வசம்பு போட்டேன்னு. எனக்கென்ன பயம்."

"ஒன்ன யாரும் கேக்கல. கேக்க வேண்டியது என்னைய."

அஞ்சு மணிக்கு மற்றவர்கள் கிளம்பினார்கள். நான் இரும்பு மேசையில் உட்கார்ந்து முதலில் தலைவி சொன்ன கடிதத்தை எழுதினேன். அரைப் பக்கம். பிழை இல்லை. வாசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் தனித்தனியாகப் பார்த்தால் உண்மை. அட்டையைச் சோதித்தோம்தான், முட்டை கறுத்தது உண்மைதான். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாயகிருஷ்ணன் அண்ணாச்சி அந்தக் கூட்டத்தில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வருத்தம் என்று ஒன்று வர வேண்டிய இடத்தில் ஏதோ கை மரத்துப்போன மாதிரி இருந்தது. ஆனால் கடிதம் முடியவில்லை என்று மட்டும் தெரிந்தது. பார்வை என்று ஒரு வரி உண்டு, எந்தக் கடிதத்துக்கு, எந்தக் கேள்விக்குப் பதில் என்று எழுத வேண்டிய வரி. இந்தக் கடிதம் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை.

அதை நாலாக மடித்து நோட்டுக்குள் வைத்துவிட்டு வேறு தாள் எடுத்தேன்.

பொருள்: அக்டோபர் 28 அன்று தங்களுக்கு வழங்கிய குளவி அட்டைகள் குறித்து.

பார்வை: 12.12.2025 அன்று தாங்கள் நேரில் கேட்டது.

ஐயா, தங்களுக்குக் கொடுத்த அட்டையில் பொரித்த குளவிகளுக்கு இறக்கை விரியவில்லை. பத்தில் எட்டு ஆண். அவற்றால் பறக்கவும் முடியாது, புழு முட்டையைத் தேடிப் போகவும் முடியாது. மாதிரிக் குழாய் எங்களிடம் இருக்கிறது. எவர் வந்தாலும் காட்டுகிறேன். குளவி வளர்க்கப் பயன்படும் அந்துப்பூச்சிக்கு நாங்கள் போட்ட கம்பில், பூச்சி பெருகாமல் தடுக்கிற வசம்புப் பொடி இருந்தது. அதனால் அந்து முட்டை சிறுத்தது, குளவியும் சிறுத்தது. கம்பு கொடுத்தவர் வழக்கப்படி நல்ல முறையில் சேமித்துக் கொடுத்தார். அவர் மேல் தவறு இல்லை. கம்பை முகர்ந்து பார்த்து ஏற்க வேண்டியவள் நான். எனக்கு நாலரை வருஷமாக வாசனை தெரியாது. அதை மறைத்து, முகர்ந்து பார்த்தேன் என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். தாங்கள் மருந்து அடிக்கவில்லை. தாங்கள் ஊராரிடம் சொன்னது எங்களை நம்பிச் சொன்னது. இதைத் தங்கள் ஊர்க் கூட்டத்தில் வாசிக்கலாம். குழுவின் முத்திரை இதில் இல்லை. என் பெயர், கதவு எண், போன் எண் கீழே உள்ளன. கேட்க விரும்புகிறவர்கள் கேட்கலாம்.

கீழே கையெழுத்துப் போட்டேன். மொத்தம் ஒன்றரைப் பக்கம் வந்தது. 'மறைத்து' என்ற சொல்லில் மை கொஞ்சம் தடித்துவிட்டது, திருத்தவில்லை.

மறுநாள் சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு மெயின் ரோட்டில் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். பதிவேட்டில் செப்டம்பர் ஒன்றாம் தேதிப் பக்கம், வளர்ப்பு நோட்டில் முட்டை குறைந்த நாலு பக்கம், கடிதம், எல்லாம் இரண்டு பிரதி எடுத்தேன். கடைக்காரர் சுல்தான் பாய் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "அச்சடிச்ச மாதிரி இருக்கேம்மா. பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கலாம்லா," என்றார். ஒரு பிரதியை அருண்பாண்டியன் சார் பெயர் எழுதின உறையில் வைத்தேன். ஒன்றை மாயகிருஷ்ணன் அண்ணாச்சி உறையில், கடிதத்துக்குப் பின்னால் குண்டூசி குத்தி வைத்தேன்.

தபால் ஆபீஸ் வாசலில் போன் அடித்தது. முத்துச்செல்வி அக்கா. எடுத்தேன்.

"எங்க இருக்க?"

"தபால் ஆபீஸ்ல."

அவள் வீட்டுக் குக்கர் விசில் கேட்டது.

"திங்கக்கெழம நீ கொட்டகைக்கு வர வேண்டாம், காளி," என்றாள்.

"சரிக்கா."

"சாவிய முஹ்சினாகிட்ட குடுத்துரு."

"சரிக்கா. அந்த சிவப்பு நூல் கட்டுன பேசின மட்டும் முட்டைக்கு விட வேண்டாம். உள்ள இருக்கிற கம்பக் கொளுத்திரச் சொல்லுங்க."

"எனக்குத் தெரியாதா?" என்றாள். வைத்துவிட்டாள்.

உள்ளே வரிசையில் நாலு பேர் நின்றார்கள். மேசை மேல் இருந்த பசையைத் தொட்டு இரண்டு உறையையும் ஒட்டினேன். ஓரம் முழுக்க விரலால் அழுத்தித் தேய்த்தேன், எங்கும் திறந்திருக்கவில்லை. என் முறை வந்ததும், ஸ்பீட் போஸ்ட், ரெண்டு, என்று சொன்னேன். கவுண்டரில் இருந்த பெண் அண்ணாச்சி உறையைத் திருப்பிப் பார்த்தாள்.

"பின்கோடு போடலையேம்மா."

நான் இதுவரை ஒரு கடிதத்திலும் பின்கோடு விட்டதில்லை. நம்பரைச் சொன்னேன். அவளே பேனாவால் எழுதிக்கொண்டாள், எடை போட்டாள், ஸ்டிக்கரை ஒட்டினாள்.

"திங்கக்கெழம போய்ச் சேந்துருமா? செவ்வாக்கெழம காலையில கூட்டம். அதுக்கு முன்னால அவரு கையில இருக்கணும்."

"மத்தியான பையில போயிரும். திங்கக்கெழம டெலிவரி ஆயிரும்."

ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள். இரண்டு உறையையும் பின்னால் தொங்கின சாக்குப் பைக்குள் போட்டாள். அடுத்தவர் என் தோளுக்கு மேல் கையை நீட்டினார். நான் நகர்ந்தேன்.